பன்றிக் காய்ச்சலுக்கு எந்த ஊசி, எந்த வயதில்? வன்னியில் நாலைந்து பன்றி வளர்ப்பவருக்கான ஒப்பீடு

கேள்வி பெரும்பாலும் ஒரே மாதிரித்தான் வருகிறது. உயிர் ஊசி (பலவீனப்படுத்திய வைரஸை உயிரோடு போடுவது) நல்லதா, துண்டு ஊசி (வைரஸின் ஒரு புரதம் மட்டும்) என்கிறார்களே அது நல்லதா, தாய்ப்பன்றிக்குப் போட்டால் குட்டிக்கும் காணுமா, ஒன்றுமே போடாமல் படலையைப் பூட்டி வைத்திருந்தால் போதாதா? கேட்பவர்கள் மல்லாவி, ஒட்டுசுட்டான், நெடுங்கேணி, முருங்கன் பக்கம் நாலைந்து தாய்ப்பன்றி வைத்திருப்பவர்கள். வென்னப்புவ, ஜா-எலப் பக்கத்துப் பெரிய பண்ணைகளுக்கு இதைச் சொல்ல ஆள் இருக்கிறது, மருந்துக் கம்பனிக்காரரே வந்து நிற்பார். நமக்குக் கிடைப்பது பக்கத்து வீட்டு யோசனை.

என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: பெரும்பாலானவர்களுக்கு உயிர் ஊசி, ஆனால் குட்டியின் வயது பார்த்து. ஏன் என்று விளங்க வேண்டுமென்றால் கொஞ்சம் இரத்தத்துக்குள் போய்ப் பார்க்க வேண்டும். நாம் காசு கொடுத்து வாங்குவது போத்தலில் இருக்கிற மருந்தை அல்ல, அது போன பிறகு குட்டியின் உடம்பில் மிஞ்சுகிற நினைவை. அந்த நினைவு எங்கே இருக்கிறது என்று தெரியாவிட்டால் நாலு வழியும் ஒன்று போலத்தான் தெரியும்.

(இங்கே பேசுவது பழைய பன்றிக் காய்ச்சலைப் பற்றி. ஆபிரிக்கப் பன்றிக் காய்ச்சல் வேறு வைரஸ், வேறு கதை, கீழே வருகிறது.)

## உதவி ரி கலம் என்ன செய்கிறது

வைரஸ் உள்ளே வந்ததும் அதை விழுங்கி, துண்டாக்கி, அந்தத் துண்டை வெளியே தூக்கிக் காட்டுகிற கலங்கள் உண்டு. அந்தத் துண்டை அடையாளம் காண்பது, இரத்த வெள்ளைக் கலங்களில் ஒரு வகையான உதவி ரி கலம். அது நேரே போய்ச் சண்டை பிடிப்பதில்லை. பிறபொருளெதிரி (வைரஸைப் பிடித்து முடக்குகிற புரதம்) செய்கிற பி கலத்துக்கும், தொற்றிய கலங்களைத் தேடிக் கொல்கிற கொல்லி ரி கலத்துக்கும் உத்தரவு கொடுப்பதுதான் அதன் வேலை. இந்த உதவி கிடைக்காத பி கலமும் பிறபொருளெதிரி செய்யும், ஆனால் அது தரம் குறைந்தது, கெதியாய்த் தேய்ந்துவிடும், நினைவென்று பெரிதாக ஒன்றும் மிஞ்சாது. உதவி கிடைத்தால் தொற்று அடங்கிய பிறகு பெரும்பாலான கலங்கள் செத்துப்போனாலும் ஒரு சிறு பங்கு நினைவுக் கலங்களாகத் தங்கும். அடுத்த முறை அதே வைரஸ் வரும்போது, முதல் முறை இரண்டு கிழமை எடுத்த வேலை சில நாளில் நடந்துவிடுகிறது.

பன்றியில் ஒரு விசேஷம் இருக்கிறது. மனிதனின் இரத்தத்தில் முதிர்ந்த ரி கலம் வழக்கமாக சிடி4, சிடி8 என்ற இரண்டு அடையாளங்களில் ஒன்றைத்தான் தாங்கும். பன்றியின் உதவி ரி கலமோ ஒரு கிருமியைச் சந்தித்துத் தூண்டப்பட்டதும், தன் சிடி4 ஓடு சிடி8 இன் ஆல்பாத் துண்டையும் போட்டுக்கொள்கிறது, நினைவுக் கலமாகத் தங்கிய பிறகும் அதைக் கழற்றுவதில்லை. 1980களிலேயே இதைக் கவனித்துவிட்டார்கள். பிறந்த குட்டியின் இரத்தத்தில் இந்த இரட்டை அடையாளக் கலங்கள் அரிது. வயது ஏற ஏற, கிருமிகளையும் ஊசிகளையும் சந்திக்கச் சந்திக்கப் பெருகும். வயதான தாய்ப்பன்றியின் உதவி ரி கலங்களில் பெரும் பங்கு இப்படிப்பட்டவைதான். சிடி27 என்ற இன்னொரு அடையாளத்தையும் சேர்த்துப் பார்த்தால், நிணநீர்க்கணுக்களைச் சுற்றித் திரிகிற நினைவுக் கலம் எது, நேரே இழைகளுக்குப் போய் வேலை செய்யக்கூடியது எது என்றும் பிரிக்கலாம். (பன்றியின் நிணநீர்க்கணுவே உள்ளும் வெளியும் மாறித்தான் இருக்கும். அந்த மிருகத்தில் எதுவும் நேராக இல்லை.)

நம் கொட்டிலில் இதை யாரும் அளக்கப் போவதில்லை. ஆனாலும் தெரிந்திருக்க வேண்டிய காரணம் இதுதான்: குட்டி நினைவோடு பிறப்பதில்லை. அது தானே சந்தித்துத் தானே சேர்க்க வேண்டியது.

## எதை வைத்து அளப்பது

நான் பார்ப்பது ஐந்து விஷயங்கள். குட்டியின் சொந்த உடம்பில் உதவி ரி கல நினைவு மிஞ்சுகிறதா, கொல்லி ரி கலங்களும் எழும்புகின்றனவா என்பது முதலாவது. காப்பு எத்தனை நாளில் தொடங்குகிறது. தாய்ப்பாலில் வந்த பிறபொருளெதிரி அதைக் கெடுக்குமா. வவுனியாவிலோ கிளிநொச்சியிலோ இருந்து உங்கள் கொட்டில் வரை குளிரோடு கொண்டு வந்து சேர்க்க முடியுமா. கடைசியாக, பன்றியை எதற்கு வளர்க்கிறீர்கள்: ஆறேழு மாதத்தில் இறைச்சிக்குப் போகிற குட்டிக்கு வேண்டிய நினைவும், நாலைந்து வருடம் குட்டி போடப் போகிற தாய்க்கு வேண்டிய நினைவும் ஒன்றல்ல.

விலையை வேண்டுமென்றே சேர்க்கவில்லை. ஊசியின் விலை, செத்த ஒரு குட்டியின் விலைக்குப் பக்கத்தில் வராது. உண்மையான செலவு வேறு இடங்களில் ஒளிந்திருக்கிறது.

## வழி 1: குட்டிக்கு உயிர் ஊசி

உலகம் முழுவதும் அதிகம் போடப்பட்டது சி ரகம் என்கிற பலவீனப்படுத்திய வைரஸ். 1950களில் சீனாவில், முயலில் இருந்து முயலுக்கு நூற்றுக்கணக்கான தடவை மாற்றி மாற்றி வளர்த்து, பன்றியில் நோய் உண்டாக்கும் திறனை இழக்கச் செய்து எடுத்தது. உயிரோடு இருப்பதால் குட்டியின் கலத்துக்குள் போய்க் கொஞ்சம் பெருகும். அதுதான் இதன் பலம். கலத்துக்குள்ளேயே உருவாகிற வைரஸ் புரதம்தான் கொல்லி ரி கலத்துக்குச் சரியாகக் காட்டப்படும், அதே நேரம் உதவி ரி கலமும் எழும்பும். இரண்டு கையும் வேலை செய்கிறது.

வேகமும் அப்படித்தான். ஒரு டோஸ் போட்டு 4, 5 நாளிலேயே நல்ல காப்புத் தொடங்கிவிடுகிறது. வைரஸை முடக்குகிற பிறபொருளெதிரி இரத்தத்தில் தெரிய ஏறக்குறைய இரண்டு கிழமை ஆகும் என்பதால், அந்த இடைவெளியில் குட்டியைக் காப்பது பெரும்பாலும் ரி கலங்களின் வேலை. பக்கத்து ஊரில் நோய் என்று கேள்விப்பட்ட பிறகு போட்டாலும் பயன் இருக்கக்கூடியது இது ஒன்றுதான். ஆனால் ஏற்கெனவே தொற்றி அறிகுறி காட்டாமல் நிற்கிற பன்றிக்குப் போட்டாலும் அது சாகக்கூடும், பழி ஊசியில் விழும்.

இனி ஒளிந்திருக்கிற செலவுகள். இவை கொஞ்சம் நீளம்.

முதலாவது, வயது. பன்றியின் கருக்கொடி வழியாகப் பிறபொருளெதிரி குட்டிக்குப் போகாது. குட்டிக்கு எல்லாமே சீம்பாலில்தான், அதுவும் குடல் மூடிக்கொள்வதற்கு முன், பிறந்து 24 முதல் 36 மணித்தியாலத்துக்குள். தாய் ஊசி போட்ட தாயென்றால் அந்தப் பிறபொருளெதிரி குட்டியின் இரத்தத்தில் சில கிழமை சுற்றும், ஏறக்குறைய இரண்டு கிழமைக்கு ஒரு தடவை பாதியாகும். இது நிறைய இருக்கும்போது உயிர் ஊசியைப் போட்டால், உள்ளே போன வைரஸை அது உடனே பிடித்து முடக்கிவிடும், உதவி ரி கலம் சந்திக்க ஒன்றும் மிஞ்சாது. ஊசி போட்டாயிற்று, புத்தகத்தில் எழுதியாயிற்று, நினைவு மட்டும் இல்லை. அதனால்தான் ஊசி போட்ட தாயின் குட்டிக்கு வழக்கமாக 6 முதல் 8 கிழமை வரை பொறுத்துப் போடுகிறார்கள், நோய் அடிக்கடி வருகிற இடத்தில் சில கிழமை கழித்து இன்னொரு டோஸும் உண்டு. தாய்க்கு ஒருபோதும் ஊசி போடவில்லை, நோயும் வந்ததில்லை என்றால் குட்டியிடம் தடையும் இல்லை, காப்பும் இல்லை, முந்தியே போடலாம். பிறந்த உடனே, பால் குடிக்க விடுவதற்கு முன்பே போடுகிற முறையும் சில நாடுகளில் இருக்கிறது. நடுச்சாமத்தில் குட்டி போடுகிற பன்றிக்குப் பக்கத்தில் ஊசியோடு உட்கார்ந்து, ஒவ்வொரு குட்டியையும் ஒரு மணித்தியாலம் பாலுக்கு விடாமல் பிடித்து வைத்திருக்க ஆள் இருந்தால் செய்து பாருங்கள்.

ஆக, குட்டி வாங்கும்போது கேட்க வேண்டிய முதல் கேள்வி "ஊசி போட்டதா" என்பதல்ல. "எத்தனை கிழமையில் போட்டது, தாய்க்குப் போட்டிருந்ததா" என்பதுதான்.

இரண்டாவது, குளிர். உலர் தூளாக வருகிற உயிர் ஊசி 2 முதல் 8 பாகை வரை இருக்க வேண்டும். கரைத்த பிறகு சில மணித்தியாலங்களுக்குள் போட்டு முடிக்க வேண்டும், அதுவும் ஐஸ் பெட்டியில் வைத்து, வெயில் படாமல். சோளகக் காலத்தில் மாங்குளத்துச் சந்தியில் இறங்கி, மோட்டார் சைக்கிளில் புழுதியோடு உள்ளே வருகிறபோது சேர்ட் பையில் இருந்த போத்தலில் உயிரோடு எதுவும் வந்து சேராது. ஊசிக்குழாயைக் கிருமிநாசினியிலோ ஸ்பிரிட்டிலோ கழுவி அப்படியே பாவித்தாலும் அதே கதிதான். கொதிக்க வைத்து ஆறவிட்டுப் பாவியுங்கள்.

மூன்றாவது, போத்தல் அளவு. போத்தல்கள் பல டோஸ் கொண்டவை, உங்களிடம் இருப்பது ஒன்பது குட்டி. மிச்சத்தை நாளைக்கு வைக்க முடியாது. ஊரில் நாலு பேர் சேர்ந்து ஒரே நாளில் போடலாம், நல்ல யோசனைதான். ஆனால் கொட்டிலுக்குக் கொட்டில் அதே ஊசியும் அதே சேறு பட்ட செருப்பும் போனால், நோயை நீங்களே வீடு வீடாகக் கொடுத்ததாகிவிடும். வைரஸ் ஊசிமுனையில் தாராளமாகப் பயணம் செய்யும். போத்தல் பொதுவாக இருக்கலாம், ஊசியும் குழாயும் வீட்டுக்கு வீடு வேறாக இருக்க வேண்டும்.

கடைசியாக, இந்த ஊசி போட்ட பன்றியின் இரத்தத்தைப் பரிசோதித்தால் அந்தப் பிறபொருளெதிரி ஊசியால் வந்ததா, நோயால் வந்ததா என்று பிரிக்க முடியாது. ஏற்றுமதி செய்கிற நாட்டுக்கு இது பெரிய தலையிடி. நமக்கு அவ்வளவாக இல்லை.

## வழி 2: துண்டு ஊசி

வைரஸின் மேலுறையில் இருக்கிற ஈ2 என்ற ஒரு புரதத்தை மட்டும் பூச்சிக் கலங்களில் வளர்த்து, எண்ணெய் போன்ற தூண்டுபொருளோடு கலந்து போடுவது. உயிருள்ளது ஒன்றும் இல்லை. உதவி ரி கலத்தையும் பி கலத்தையும் நன்றாகவே எழுப்பும், பிறபொருளெதிரி உயரமாக வரும். ஆனால் புரதம் வெளியிலிருந்து வருவதால் கொல்லி ரி கலத்தின் பக்கம் மெலிவு. வழக்கமாக மூன்று நாலு கிழமை இடைவெளியில் இரண்டு டோஸ், காப்புச் சரியாக நிற்க இரண்டு மூன்று கிழமையாவது வேண்டும். பக்கத்தில் நோய் வந்த பிறகு ஓடிப்போய்ப் போடுவதற்கு இது சரிவராது.

இதன் பெரிய நன்மை, ஊசி போட்ட பன்றியையும் தொற்றிய பன்றியையும் இரத்தப் பரிசோதனையில் பிரித்துவிடலாம். ஊசியில் ஈ2 மட்டும்தான் இருக்கிறது, உண்மையான தொற்று வந்த பன்றியிடம் வேறு புரதங்களுக்கும் பிறபொருளெதிரி இருக்கும்.

சினைப்பன்றி விஷயத்தில்தான் எனக்கு இதில் தயக்கம். தொற்று வந்தால் தாயைக் காப்பாற்றினாலும், கருவுக்குள் வைரஸ் போவதை இது முழுதாகத் தடுப்பதில்லை. பன்றியின் சினைக்காலம் ஏறக்குறைய 114 நாள். அதன் நடுப்பகுதியில் வைரஸ் கருவுக்குள் போனால், அப்போதுதான் உருவாகிக்கொண்டிருக்கிற ரி கலங்கள் அந்த வைரஸைச் சொந்த உடம்பின் பகுதி என்றே எடுத்துக்கொள்ளும். பிறக்கிற குட்டி பார்க்க நன்றாக இருக்கும், மாதக்கணக்கில் வைரஸைக் கக்கிக்கொண்டே திரியும், அதற்கு எந்த ஊசியும் ஏறாது. கொட்டிலில் நோய் நிற்காமல் சுற்றுவதற்கு இப்படி ஒரு குட்டி போதும்.

கோமாரிக்கும் நுரையீரல் சளிக்கும் வருகிற கொன்ற ஊசிகளும் ஏறக்குறைய இந்தக் குணம்தான்: இரண்டு டோஸ், தூண்டுபொருள், கோமாரி என்றால் சில மாதத்துக்கு ஒரு தடவை திரும்ப. அலுமினியம் கலந்தவை உறைந்தால் கெட்டுவிடும், ஐஸ் கட்டிக்கு நேரே மேலே வைக்க வேண்டாம்.

## வழி 3: தாய்க்கு மட்டும் போடுவது

செலவு குறைவு, பிடிக்க வேண்டிய பன்றியும் குறைவு, அதனால் பலருக்கு இது பிடிக்கிறது. சீம்பால் வழியாகக் குட்டிக்கு முதல் நாளே காப்பு வந்துவிடுகிறது என்பதும் உண்மை, ஒவ்வொரு குட்டியும் ஏறக்குறைய 200 முதல் 250 கிராம் வரை குடித்தால். ஆனால் அந்தப் பிறபொருளெதிரி இரவல் நகை போல, திருவிழா முடியத் திரும்பிப் போய்விடும். இரண்டு மூன்று மாத வயதில் குட்டி வெறும் உடம்போடு நிற்கும். பெரும்பாலானவர்கள் குட்டியை விற்பதும் கொழுக்கப் போடுவதும் அந்த வயதை ஒட்டித்தான்.

சீம்பாலில் தாயின் உயிருள்ள ரி கலங்களும் கொஞ்சம் வருகின்றன, அவை குட்டியின் குடலைத் தாண்டி இரத்தத்துக்குள் போகின்றன என்று காட்டியிருக்கிறார்கள். சுவாரசியம் என்னவென்றால், பெற்ற தாயின் கலங்களைத்தான் குடல் உள்ளே விடுகிறது. வேறு தாயின் சீம்பாலில் பிறபொருளெதிரி வரும், கலங்கள் வராது. எனவே குட்டிகளை வேறு தாயிடம் மாற்றி விடுவதாக இருந்தால் முதல் நாள் சொந்தத் தாயிடம் குடிக்க விட்டு, பிறகு மாற்றுங்கள். இதற்குக் காசு ஒன்றும் செலவில்லை.

என் கணக்கில் இது தனி வழியல்ல, முதலாவது வழியின் பாதி. குட்டியைக் குடல் மூடும் முன் பாலாலும், எட்டுக் கிழமைக்குப் பிறகு அதன் சொந்த நினைவாலும் காக்க வேண்டும். தாய்க்குப் போட்டுவிட்டுக் குட்டியை விட்டால் ஊசியே போடாதது போலத்தான் முடியும், சில கிழமை பிந்தி.

## வழி 4: ஊசி இல்லை, படலைப் பூட்டு மட்டும்

நல்ல வேலி, வெளி ஆள் இல்லை, வெளிப் பன்றி இல்லை, சாப்பாட்டுக் கழிவு இல்லை என்றால் இது முடியாத காரியம் அல்ல. பன்றிக் காய்ச்சலை ஒழித்த நாடுகள் இப்படித்தான் இருக்கின்றன. ஆனால் அவர்களுக்குப் பின்னால் ஒரு முழு அரசாங்கம் நிற்கிறது. நமக்குப் பின்னால் நிற்பது காடு.

காட்டுப்பன்றியும் வீட்டுப் பன்றியும் ஒரே இனம், இந்த வைரஸ் இரண்டையும் பிடிக்கும். இரவில் மரவள்ளிக்கும் நிலக்கடலைக்கும் வருகிற காட்டுப்பன்றிக் கூட்டம் கொட்டில் வேலியில் மூக்கை உரசிவிட்டுத்தான் போகும். காட்டுப்பன்றி வெட்டிய இடத்துக் கழுவல் தண்ணீரும் எலும்பும் கொட்டில் பக்கம் போனாலும் அதேதான். கல்யாண மண்டபத்திலோ கன்ரீனிலோ எடுக்கிற மிச்சச் சாப்பாட்டில் பன்றி இறைச்சித் துண்டு இருந்தால் அதில் வைரஸ் நெடுநாள் இருக்கும், குளிரில் வைத்த இறைச்சியில் மாதக்கணக்கில். அரை மணித்தியாலம் நன்றாகக் கொதிக்க வைக்காமல் கொடுக்கக்கூடாது. விறகுச் செலவும் கிண்டுகிற ஆளின் கூலியும்தான் இந்த வழியின் மறைந்த செலவு, ஊசியைவிட அதிகம் வரும்.

அவிழ்த்துவிட்டு மேய்ப்பவருக்கு இந்த வழி இல்லவே இல்லை.

| | உயிர் ஊசி | துண்டு ஊசி | தாய்க்கு மட்டும் | ஊசி இல்லை |
|---|---|---|---|---|
| குட்டியின் சொந்த நினைவு | உதவி ரி, கொல்லி ரி இரண்டும் | உதவி ரி நன்று, கொல்லி ரி மெலிவு | இல்லை எனலாம் | இல்லை |
| காப்புத் தொடங்குவது | 4–5 நாளில் | 2–3 கிழமையில் | சீம்பாலோடு, சில கிழமைக்கு | இல்லை |
| டோஸ் | 1, தேவையானால் 2 | வழக்கமாக 2 | தாய்க்கு மட்டும் | இல்லை |
| தாய்ப்பாலின் தடை | அதிகம், வயது பார்க்க வேண்டும் | இருக்கும், ஆனால் குறைவு | பொருந்தாது | பொருந்தாது |
| மறைந்த செலவு | குளிர், வீணாகும் போத்தல் | இரண்டாம் முறை பிடிப்பது, சினைக்கு முழுக்காப்பு இல்லை | இரண்டு மூன்று மாதத்தில் வெறும் உடம்பு | வேலி, விறகு, ஓயாத காவல் |

## எந்த ஊசியையும் வீணாக்குகிறவை

பூஞ்சணம் பிடித்த சோளம் முதலில் வருகிறது. மாரி மழையில் நனைந்த சோளம் மலிவாகக் கிடைக்கும், அதில் இருக்கிற அஃப்ளடொக்சின் என்ற பூஞ்சண நஞ்சு ரி கலங்களின் வேலையையே மந்தமாக்கும். அதைத் தின்கிற குட்டிக்கு எவ்வளவு நல்ல ஊசி போட்டாலும் காப்பு அரைகுறைதான். குடற்புழு நிறைந்த குட்டியும் அப்படி, ஊசிக்கு ஒன்றிரண்டு கிழமை முந்திக் குடற்புழு மருந்து கொடுப்பது நல்லது. காய்ச்சலோடு நிற்கிற பன்றிக்குப் போடக்கூடாது. வீக்கத்துக்கென்று ஸ்டீரொயிட் ஊசி அடித்த கையோடும் போடக்கூடாது, அது ரி கலங்களை நேரடியாக அடக்கும். தாயிடம் இருந்து பிரித்த அதே நாளில் ஊசி, காயடிப்பு, வேறு கொட்டிலுக்கு மாற்றம் எல்லாவற்றையும் ஒன்றாக முடிக்கிறவர்கள் இருக்கிறார்கள். ஒரு நாள் வேலை மிச்சம், அவ்வளவுதான்.

## ஆபிரிக்கப் பன்றிக் காய்ச்சல்

2024 ஒக்டோபரில் இது இலங்கையில் உறுதியானது. மேலே சொன்ன எந்த ஊசியும் இதற்கு உதவாது. வைரஸ் பெரியது, மிருகத்தின் விழுங்கு கலங்களுக்குள்ளேயே குடியிருப்பது, பிறபொருளெதிரியால் சரியாக முடக்க முடியாதது. கொன்ற ஊசிகள் இதில் தோற்றதற்கும் அதுதான் காரணம், காப்புக்குக் கொல்லி ரி கலங்கள் அவசியம் என்று ஆய்வுகளில் தெரிந்திருக்கிறது. வியட்நாம் 2022 இல் ஒரு உயிர் ஊசிக்கு அனுமதி கொடுத்தது, பன்றிகள் செத்ததால் சில மாதத்திலேயே இடைநிறுத்தினார்கள், பிறகு கட்டுப்பாட்டோடு திரும்பத் தொடங்கினார்கள். "ஆபிரிக்கக் காய்ச்சலுக்கு ஊசி இருக்கிறது" என்று யாராவது பெயரில்லாத போத்தலோடு வந்தால் படலையோடு அனுப்பிவிடுங்கள்.

இந்த நோயில் வழி 4 தவிர வேறு வழியே இல்லை. இரண்டு நோயும் வெளித் தோற்றத்தில் ஒன்று போல: காய்ச்சல், தோல் சிவப்பு, தின்னாமை, கூட்டமாகச் சாவு. ஊசி போட்ட பன்றிகள் இப்படிச் செத்தால் ஊசி பலிக்கவில்லை என்று நீங்களே முடிவு செய்யாமல், செத்ததை வெட்டாமல், விற்காமல், கால்நடை வைத்திய அலுவலகத்துக்கு அறிவியுங்கள்.

## யாருக்கு எது

குட்டி போட வைத்து விற்பவர்: தாய்க்கும் குட்டிக்கும் உயிர் ஊசி, குட்டிக்கு எட்டுக் கிழமையை ஒட்டி. தாய்க்குத் திரும்பப் போடுவது எப்போது என்பதை உங்கள் வைத்தியர் சினைக் கணக்குப் பார்த்துச் சொல்லட்டும்.

குட்டி வாங்கிக் கொழுக்கப் போடுபவர்: வந்த குட்டியைத் தனியே இரண்டு மூன்று கிழமை வைத்து, முந்திய ஊசியின் வயது தெரியாவிட்டால் போடவில்லை என்றே எடுத்துக்கொண்டு, உயிர் ஊசி ஒரு டோஸ். விற்றவர் "எல்லாம் போட்டது" என்று சத்தியம் பண்ணினாலும்.

துண்டு ஊசி யாருக்கு என்றால், இரத்தப் பரிசோதனை செய்து நோயற்ற பண்ணை என்று காட்ட வேண்டியவருக்கு. கூடவே நல்ல குளிர்வசதியும் இரண்டு தடவை பிடிக்க ஆளும் இருக்க வேண்டும். வன்னியில் இப்படி எத்தனை பேர் இருக்கிறார்கள் என்பதை உங்களுக்கே விடுகிறேன்.

ஊசி இல்லாத வழி, ஒன்றிரண்டு பன்றியை நாலு பக்கமும் சுவர் எழுப்பிய கொட்டிலில் வைத்து, வீட்டுத் தீனி மட்டும் கொடுத்து, ஒரே தடவையில் விற்று முடிப்பவருக்கு. அவர்கூட, பக்கத்தில் நோய் என்று கேட்டதும் உயிர் ஊசிக்கு ஓடத்தான் வேண்டும்.

எதைத் தெரிவு செய்தாலும் அலுவலகத்தில் போத்தலைக் கையில் வாங்கும்போது மூன்று விஷயம் கேளுங்கள்: உயிருள்ளதா கொன்றதா, கரைத்த பின் எத்தனை மணித்தியாலம் தாங்கும், இந்தத் தாயின் குட்டிக்கு எந்தக் கிழமையில் போட வேண்டும். பதிலைப் போத்தல் எண்ணோடு சேர்த்து ஒரு கொப்பியில் எழுதி வையுங்கள், அடுத்த ஈற்றுக்கு அது வேண்டும்.